கண்ட்ரோல் கூப்பிடவில்லை

எனக்கு வாய் அதிகம் என்பது எங்கள் கல்லூரி என்.சி.சி.யில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வயர்லெஸ் கண்ட்ரோல் நாற்காலி எனக்குக் கிடைத்தது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ராஜபாளையத்தில் நடந்த பத்து நாள் முகாமில் நானூறு கேடட்டுகள் இருந்தோம். அத்தனை பேரில், ஒரு வயர்லெஸ் செட்டை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று ஊர்க்காரர்களைச் சண்டையில்லாமல் வரிசையாகப் பேசவைக்கத் தெரிந்தவள் இந்தச் சிவரஞ்சனி ஒருத்திதான். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எல்லாச் செட்டும் ஒரே அலைவரிசையில் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு பேச்சும் கெட்டு, காதில் இரைச்சல்தான் விழும். அதனால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து, யார் எப்போது பேசலாம் என்று சொல்லவேண்டும். அவர்தான் கண்ட்ரோல். மற்றவர்கள் கண்ட்ரோல் கூப்பிட்டால் பேசலாம். இல்லாவிட்டால் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். கண்ட்ரோல் விடுவிக்கும்வரை நிலையத்தை விட்டு நகரக் கூடாது. பேசியது, கேட்டது எல்லாவற்றையும் நேரம் போட்டு லாக் புத்தகத்தில் எழுதவேண்டும். அவ்வளவுதான்.

இதில் எங்களுக்கு எமனாக வந்தது இங்கிலீஷ்.

எங்கள் பயிற்சியாளர் ஹவில்தார் ராக்கப்பன், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவர். சொந்த ஊர் சோழபுரம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நம்மைப் போலத்தான் பேசுவார். செட்டைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு தமிழ் வார்த்தை வாயில் வராது. எங்களையும் விடமாட்டார். முகாமின் ஆறாம் நாள் ஒத்திகையில் அவர் இங்கிலீஷில், "உன் இடம் எது?" என்று கேட்டார். முதல் வருடப் பையன் ஜெபா, "ரோஜர்" என்றான். ரோஜர் என்றால் 'நீங்கள் சொன்னது கேட்டது' என்று பொருள். "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்றார். "ரோஜர்." "உனக்கு நான் கேட்பது புரிகிறதா இல்லையா?" பிறகு மிகுந்த பணிவோடு, "ரோஜர் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஜெபா மண்டூகம் இல்லை. ஆன்டெனாவை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்த ஊர் தெளிவாகக் கேட்கும் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். அவனை வாயடைக்க வைத்தது அந்தப் பாஷை. நேராக எங்கள் என்.சி.சி. அதிகாரி ஷெரின் மேடத்திடம் போனேன்.

"மேடம், தமிழ்ல நடத்த விடுங்க. ஒரு சேதி தப்பாது. நான் பொறுப்பு."

பக்கத்திலேயே நின்ற ராக்கப்பன் சார் மீசையைத் தடவினார். "தமிழ்ல ஒரு வார்த்தைக்கு ஒம்பது அர்த்தம் இருக்கும். கண்ட்ரோலுக்கு அது ஆவாது."

"அர்த்தத்தை நான் கட்டிப்போட்டுருதேன் சார்."

ஷெரின் மேடம் அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கமாண்டிங் ஆபீசர் வந்து எங்கள் வயர்லெஸ் வலை ஓடுவதை உட்கார்ந்து பார்க்கப்போகிறார். சனிக்கிழமை முழு ஒத்திகை. அன்று தமிழில் நடத்திக்கொள்ளலாம் என்றார். ராக்கப்பன் சார் விடவில்லை. "சனிக்கிழமை ஒரு சேதி தப்புச்சுன்னா, ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ். கண்ட்ரோல் நாக்காலியும் வேற ஆளுக்கு." மேடம் என்னைப் பார்த்தார். சரி என்றேன். அந்த நாற்காலியை நான் இரண்டு வருடமாகக் கனவு கண்டவள். ஆனாலும் சரி என்றேன். அவ்வளவு திமிர்.

அன்று மத்தியானமே பட்டியல் போட்டேன். 'ஓவர்' என்பதற்கு 'சொல்லு'. 'ரோஜர்' என்பதற்கு 'கேட்டுச்சு'. சொன்னதைச் செய்கிறேன் என்பதற்கு 'செய்யுதேன்'. பொறுத்திரு என்பதற்கு 'செத்த இரு'. பேச்சு தீர்ந்தது, இனிப் பதில் வேண்டாம் என்கிற 'அவுட்'டுக்கு 'முடிஞ்சது'. மொத்தம் பன்னிரண்டு வார்த்தை. எல்லோரையும் மனப்பாடம் செய்யவைத்தேன். இன்னொன்றும் சொன்னேன்: "நான் கூப்பிடாம எவனாவது வாயைத் தொறந்தியோ, செட்டைப் பிடுங்கிட்டுச் சமையக்கட்டுக்கு அனுப்பிருவேன்." இதை நான் ஜெபாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முந்தின நாள் அவன்தான் எல்லோர் பேச்சிலும் குறுக்கே விழுந்தான்.

சனிக்கிழமை காலை நாற்பது கேடட்டுகள் சைக்கிளில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வந்து, அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்து அய்யனார் கோவில் வரை போகவேண்டும். கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வேனில் செட்டோடு பெலிக்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் ஜெபா. அய்யனார் கோவிலில் பாண்டி. முகாம் நடந்த பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில், நாற்பதடி மூங்கிலில் கட்டிய ஆன்டெனாவுக்குக் கீழே, நான். முகாமில் போனையெல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். ஊர்க்காரர் போனை இரவல் வாங்கிப் பேசினாலும் அந்த நிலையம் தோற்றதாகக் கணக்கு. செட்டு ஒன்றுதான் வழி.

வலை அன்று எப்படி ஓடியது தெரியுமா! பெலிக்ஸ் இரண்டு பஞ்சர் சொன்னான். அந்தச் சைக்கிள்களை வேனில் ஏற்றச் சொன்னேன். பாண்டி குடிநீர் வண்டி வரவில்லை என்றான். பத்து நிமிடத்தில் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். எல்லாம் தமிழில். ஒரு முனகல், ஒரு தடுமாற்றம் இல்லை. ராக்கப்பன் சார் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் காபி கேட்டார்.

பத்து இருபத்தைந்துக்கு ஜெபாவைக் கூப்பிட்டேன்.

"கடைசி சைக்கிள் போயிட்டு அக்கா. பெலிக்ஸ் அண்ணன் வண்டி இந்தா இப்பம் தாண்டுது. வாரேன்."

"கேட்டுச்சு," என்றேன்.

சைக்கிள்கள் போயாயிற்று, பெலிக்ஸின் வேன் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் ஏறி வருகிறான். நான் விடுவிக்காமல் கிளம்புகிறானே என்று ஒரு கணம் கோபம் வந்தது. சரி, வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று லாக் புத்தகத்தில் எழுதினேன்: '10.25. ஸ்ரீவில்லிபுத்தூர் மூடியது. ஜெபா வருகிறான்.' கீழே ஒரு கோடும் போட்டேன். அதற்குப் பிறகு நான் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கூப்பிடவேயில்லை. மூடிய நிலையத்தை யார் கூப்பிடுவார்கள்?

ஒன்றரை மணிக்கு வேன் முகாமுக்குத் திரும்பியது. பெலிக்ஸ் மட்டும் இறங்கினான்.

"ஜெபா எங்கலே?"

"எனக்கென்ன தெரியும்? வண்டி பூரா பஞ்சர் சைக்கிளு. அவன் ஏறவேயில்லையே."

மாடிக்கு ஓடி, செட்டை எடுத்துக் கூப்பிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சொல்லு. சத்தமில்லை. பத்துத் தடவை கூப்பிட்டேன். ராக்கப்பன் சார் என் லாக் புத்தகத்தை வாங்கிப் படித்தார். 'ஜெபா வருகிறான்.' மூன்று மணி நேரமாக வந்துகொண்டிருக்கிறான்.

செட்டைப் பெலிக்ஸிடம் கொடுத்துவிட்டு நானும் சாரும் வேனில் ஏறினோம். பஸ்ஸில் வந்திருப்பான் என்று ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு இரண்டிலும் இறங்கித் தேடினோம். அரசு ஆஸ்பத்திரியில் கேட்டோம். காக்கி உடுப்பில் ஒரு பையன் விழுந்து கிடந்தானா என்று அந்த நர்ஸிடம் கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேடட் வேலை பிடிக்காமல் வீட்டுக்கு ஓடியிருப்பான் என்றார் சார். ஜெபாவின் வீடு மம்சாபுரத்தில். வண்டியை அங்கே திருப்பினோம்.

அவன் அம்மா ஞானபாக்கியம் நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுப் படுத்திருந்தவர், எங்கள் உடுப்பைப் பார்த்ததும் பதறி எழுந்தார். சார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன எங்கன நிக்கச் சொன்னிய?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம் ரோட்டுல. டீக்கடை பக்கத்துல."

"அங்க போய்ப் பாத்தியளா?"

அந்த ஓர் இடத்தை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. என் புத்தகத்தில் அது மூடிய நிலையம்.

அந்த அம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். ஜெபா நின்றுகொண்டிருந்தான். டீக்கடைப் பலகையில் செட், புளியமரக் கிளையில் ஆன்டெனா, வெயிலில் அவன். காலையில் அந்த இடத்தில் நிழல் இருந்திருக்கிறது. நிழல் நகர்ந்திருக்கிறது, அவன் நகரவில்லை. மூன்றடி தள்ளினால் ராஜபாளையம் கேட்காது என்று காலையிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தான். முகம் கன்றி, உதடு வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

"பேட்டரி போயிட்டு அக்கா. மன்னிச்சிருங்க."

டீக்கடை ஆவுடையம்மாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "ஏட்டி, நீதான் அந்தக் கண்ட்ரோலா? புள்ளைய நிக்கவச்சிட்டு எங்க போயி ஒறங்குன? மோரு குடுத்தா நின்னுக்கிட்டே குடிக்கான். உள்ள வாலேன்னா, ஆர்டரு வரலங்கான். எம்புட்டு நேரம்!"

வாய்க்காரி என்று பெயர் எடுத்த நான் போய்க் கிளையிலிருந்து ஆன்டெனாவை அவிழ்த்தேன். ஞானபாக்கியம் அம்மா முந்தானையை நனைத்து மகன் முகத்தைத் துடைத்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வேனில் வரும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏலே, வாரேன்னு சொன்னியே. நீ வண்டியில வாரேன்னுல்லா நெனச்சேன்."

"பேச்சு முடிஞ்சுதுல்லாக்கா. அதான் வாரேன்னு சொல்லி நிப்பாட்டுனேன்."

"அதுக்குத்தான் 'முடிஞ்சது'ன்னு எழுதிக் குடுத்திருக்கேன்ல?"

அவன் அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டான். "எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப டாக்டர் அப்படித்தான் வந்து சொன்னாரு. எங்க வீட்ல அந்த வார்த்தைய யாரும் சொல்லமாட்டோம். வாயில வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் யார் வீட்டுப் படியிறங்கும்போதும் போகிறேன் என்று சொல்லமாட்டோம், வாரேன் என்போம். தாய்மாமன் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் வாரேன். மளிகைக் கடையில் சாமான் வாங்கிவிட்டுத் திரும்பும்போதும் வாரேன். வருகிறவன் சொல்வதும் அதுதான், போகிறவன் சொல்வதும் அதுதான். பொழுதெல்லாம் நானே சொல்கிற வார்த்தை. அதை வயர்லெஸ்ஸில் கேட்டதும் எங்கே வருகிறாய் என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"நீயாவது கூப்பிட்டிருக்கலாம்லலே."

"நீங்கதான கூப்பிடாமப் பேசக் கூடாதுன்னீங்க." கோபமில்லாமல் சொன்னான். "எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் அக்கா. பாண்டி அண்ணன்கிட்ட தண்ணி வண்டிக்குச் சொன்னது, பெறவு நீங்க சிரிச்சது, எல்லாம் கேட்டுச்சு. அடுத்தாப்ல என்னயக் கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷெரின் மேடம் முன்னால் நின்றோம். ராக்கப்பன் சார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு என் பட்டியலை மேசைமேல் வைத்தார். "மேடம், 'வாரேன்'ங்கிற வார்த்தை இதுல கெடையாது. பையன் பட்டியல்ல இல்லாததைச் சொல்லியிருக்கான். தப்பு அவன்மேல."

நான் அவரை ஆச்சரியமாகப் பார்த்தேன். எனக்கு வழி விடுகிறார். தலையை ஆட்டினால் போதும். தமிழும் தப்பியது, நாற்காலியும் தப்பியது. ஜெபாவை மட்டும் சிக்னல் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"ஆமா மேடம், என் தப்புதான்," என்றான் அவன்.

மேடம் அவனுடைய லாக் நோட்டைக் கேட்டார். அவன் கொடுத்ததை நான்தான் வாங்கி நீட்டினேன். நீட்டும்போதே கண்ணில் பட்டுவிட்டது.

'10.45. கண்ட்ரோல் கூப்பிடவில்லை.'

'11.00. கண்ட்ரோல் கூப்பிடவில்லை.'

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. எட்டு வரி அப்படியே. ஒன்பதாவதாக, '12.45. பேட்டரி போயிற்று. இனிக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. நிற்கிறேன்.' அதற்குக் கீழே இரண்டே முக்கால் வரை, மணி போட்டு, 'நிற்கிறேன்' என்று எட்டுத் தடவை. கையெழுத்து கடைசிவரை கோணவில்லை.

"மேடம்," என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டேன். "தப்பு கண்ட்ரோலோடது. அவன் சொன்ன வார்த்தைய நான் எழுதல. எனக்குப் புரிஞ்சத எழுதிட்டேன். வண்டியில வாரேன்னு அவன் சொல்லவேயில்ல. பட்டியல்ல 'முடிஞ்சது'ன்னு போட்டதும் நான்தான். மனுசங்க பேசி முடிக்கும்போது அப்படிச் சொல்லுவாங்களான்னு யோசிக்காமப் போட்டேன். நாக்காலிய எடுத்துக்கோங்க. ஆனா இங்கிலீஷ் வேண்டாம். இங்கிலீஷ்ல நடந்திருந்தா அவன் 'ரோஜர்'னு சொல்லியிருப்பான், நான் அதுக்கும் ஒரு அர்த்தம் பண்ணியிருப்பேன். அப்பவும் வெயில்லதான் நின்னிருப்பான்."

மேடம் நோட்டை இன்னொரு தடவை புரட்டினார். "ஜெபா, அவுட்டுக்கு என்ன வார்த்தை போடலாம்?"

அவன் யோசிக்கவே இல்லை. "போன்ல எல்லாரும் 'வச்சிருதேன்'னுதான மேடம் சொல்லுதோம். அதையே போட்டா என்ன?"

போட்டா என்ன! ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் போனில் சொல்கிற வார்த்தை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவேயில்லை. ராக்கப்பன் சார் வேறு பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரித்தார்.

"நாளைக்குத் தமிழ்லயே நடக்கட்டும்," என்றார் மேடம். "கண்ட்ரோல்ல ஜெபா. சிவரஞ்சனி ஸ்ரீவில்லிபுத்தூர்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே புளியமரத்தடியில் நான் நின்றேன். பொய் சொல்லமாட்டேன், வயிறு எரிந்தது. ராஜபாளையத்து மொட்டை மாடியில் கமாண்டிங் ஆபீசருக்குப் பக்கத்தில், என் நாற்காலியில், முந்தாநாள்வரை ரோஜர் என்ற ஒரே வார்த்தையை வைத்துப் பிழைத்தவன் உட்கார்ந்திருக்கிறான். எங்காவது திணறட்டும் என்றுகூட ஒரு மனசு கேட்டுக்கொண்டிருந்தது. அவன் திணறவில்லை. பாண்டியையும் பெலிக்ஸையும் சத்தமே போடாமல் மாற்றி மாற்றி அழகாகப் பேசவைத்தான். நான் அதட்டி வாங்கிய வேலையை அவன் கேட்டு வாங்கினான்.

பத்து இருபதுக்குக் கடைசி சைக்கிள் தாண்டியது. சொன்னேன். "கேட்டுச்சு," என்றான். "இப்பம் கெளம்புதீங்களா, நிக்கீங்களா அக்கா? சொல்லுங்க."

"நிக்கேன். நீ விடுறவரைக்கும் நிக்கேன். வச்சிருதேன்."

பத்தரைக்குச் செட் கரகரத்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர், இருக்கீங்களா? சொல்லுங்க."

சேதி ஒன்றுமில்லை. இருக்கிறேனா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். "இருக்கேன்," என்றேன்.

பத்தே முக்காலுக்கு மறுபடி. பதினொன்றுக்கு மறுபடி. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, கமாண்டிங் ஆபீசரை வைத்துக்கொண்டே, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு கேள்வி. பதினொன்றே காலுக்கும் கூப்பிட்டான். பொத்தானை அழுத்திவிட்டுப் பேச்சு வராமல் நின்றேன். அது வெறும் மூச்சாகப் போய் ராஜபாளையத்தில் கேட்டிருக்கவேண்டும்.

"ஸ்ரீவில்லிபுத்தூர், வெயில் ஏறிட்டா? சொல்லுங்க."

"ஏறிட்டுலே," என்றேன். "இருக்கேன்."

"செத்த இருங்க." செட் அமைதியாயிற்று. அரை நிமிடம் கழித்து வந்தான். "நாப்பது பேரும் ராஜபாளையம் வந்தாச்சு. ஒங்களுக்கு வண்டி பொறப்பட்டாச்சு. இனி நிக்க வேண்டாம் அக்கா. கடைக்குள்ள போய் உக்காருங்க. வச்சிருதேன்."

செட்டை அணைத்தேன். ஆவுடையம்மாள் பெஞ்சைத் துடைத்துவிட்டார். நான் போய் உட்கார்ந்தேன்.